இழுவையும் வெப்பமும்: வன்னிப் பாதைகளில் டீசல் எஞ்சின்

பாரம் இழுத்தல் வன்னி மக்களின் வாழ்வோடு பிரிக்கவொண்ணாது பிணைந்த தொழிலாகும். முன்னாளில் எருத்துமாட்டு வண்டி செய்த வேலையை இந்நாளில் டீசல் எஞ்சின் செய்கின்றது. காலபோக அறுவடை முடிந்ததும் இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குளங்களின் கீழுள்ள வயல்களிலிருந்து நெல்மூடைகளைக் கொணர்தலும், முல்லைத்தீவுக் கரையிலே படகை மணல்மேல் இழுத்தேற்றலும், கோடையிலே தண்ணீர்த் தாங்கியைக் குடிமனைதோறும் கொண்டு செல்லலும் அதன் பணிகளாம். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் 2009 வைகாசி வரை, கிளிநொச்சியை விட்டுத் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே நகர்ந்த மக்கள், தம் வீட்டுப் பொருள்களையும் முதியோரையும் குழந்தைகளையும் உழவு யந்திரப் பெட்டிகளிலேயே ஏற்றிச் சென்றனர். எஞ்சின் நின்றுவிடின் யாது நேரும் என்பதனை அறிந்துகொள்ள இம்மண்ணின் மக்களுக்கு நூலறிவு வேண்டுவதில்லை.

போருக்குப் பின்னர், உழவு யந்திரத்தோடு பிக்கப் எனப்படும் சிறு சுமையூர்தியும் இத்தொழிலிற் புகுந்தது. லீசிங் முறையிற் பெற்ற வண்டியின் பின்னே ஒரு பெட்டியைக் கொளுவி, ஒரே பயணத்தில் இருமடங்கு பாரம் கொண்டுசெல்லல் இன்று பலரின் வழக்கமாயிற்று. இவ்வழக்கத்தோடு இரண்டு முறைப்பாடுகளும் பெருகின. வண்டி சூடேறுகின்றது என்பது ஒன்று. வண்டிக்கு இழுவை இல்லை என்பது மற்றையது. இவை வெவ்வேறு நோய்களெனக் கருதி, முன்னதற்குத் தண்ணீர் ஊற்றியும், பின்னதற்கு எரிபொருட் பம்பியைக் கழற்றியும் பணத்தைச் செலவிடுவோர் பலர். பெரும்பாலான சந்தர்ப்பங்களில் இவை ஒரே காரணத்தின் இரு வெளிப்பாடுகளே என்பதனையும், அக்காரணத்தைப் பாடசாலைப் பௌதிகத்தின் துணைகொண்டே கண்டறியலாம் என்பதனையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெப்பத்தின் வரவு செலவு

வெப்பத்தை வேலையாக மாற்றும் எப்பொறியும் தான் பெற்ற வெப்பம் முழுவதையும் வேலையாக்க இயலாது. ஒரு பகுதியைக் குளிர்ந்த இடமொன்றுக்குக் கொடுத்தே தீரவேண்டும். 1824ஆம் ஆண்டிலே பிரெஞ்சு நாட்டுப் பொறியியலாளர் சாடி கார்னோ வெளியிட்ட சிந்தனையிலிருந்து இவ்வுண்மை வளர்ந்தது. ஜெர்மானியரான ருடோல்ப் டீசல் இச்சிந்தனையின் வழிநின்றே தம் எஞ்சினை வகுத்தார். 1893இல் காப்புரிமை பெற்ற அவர், 1897இல் ஓட்டிக் காட்டிய எஞ்சின் எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய 26 சதவீதத்தை வேலையாக்கிற்று. அக்காலத்து நீராவிப் பொறிகளோடு ஒப்பிடுமிடத்து இது பெருஞ் சாதனையே. எனினும், நான்கில் மூன்று பங்கு வெப்பம் அன்றும் வேலையாகாது வெளியேறியது என்பதும் அதே கணக்கின் மறுபக்கமாகும்.

இன்றைய பிக்கப் எஞ்சின் பாரத்தோடு ஓடும்போது, எரிபொருளின் சக்தியில் மூன்றிலொரு பங்களவு சுழல்தண்டுக்குச் செல்கின்றது. மற்றொரு பங்களவு புகைக்குழாய் வழியே செல்கின்றது. எஞ்சிய பங்கிற் பெரும்பகுதியைக் குளிர்த்தும் நீர் ஏற்கின்றது. இதிலிருந்து ஓர் எளிய விதியைப் பெறலாம். சில்லுக்கு எவ்வளவு வலு செல்கின்றதோ ஏறக்குறைய அவ்வளவு வெப்பத்தை றேடியேற்றர் வெளியேற்ற வேண்டும். இழுவை இருமடங்காயின் றேடியேற்றரின் வேலையும் இருமடங்காகும். பாரத்தைக் கூட்டுவோன் றேடியேற்றரைக் கூட்டுவதில்லை. தொல்லையின் வேர் இங்கேயே உள்ளது.

கண்ணுக்குப் புலனாகாத மலை

வன்னி சமதரை நிலம். மலைநாட்டு ஏற்றங்களில் எஞ்சின் சூடேறுதல் இயல்பு. இங்கே மலையே இல்லையே, எஞ்சின் ஏன் சூடேற வேண்டும் என்று வினவுவர். இவ்வினாவுக்கு ஒரு கணக்கின் மூலம் விடை காண்போம்.

பிக்கப்பின் நிறை 2 தொன் என்க. மூடை ஒன்று 65 கிலோகிராம் என 24 நெல்மூடைகளும் அவற்றைத் தாங்கும் பெட்டியும் சேர்ந்து மேலும் 2 தொன் என்க. ஆகமொத்தம் 4 தொன். அதாவது ஏறத்தாழ 40,000 நியூற்றன் நிறை. தார் வீதியிலே உருளலுக்கு எதிரான தடை இந்நிறையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்களவாகும். எனவே 600 நியூற்றன். கண்டி வீதியில் மணிக்கு 54 கிலோமீற்றர், அஃதாவது செக்கனுக்கு 15 மீற்றர், வேகத்தில் ஓடின் இத்தடையை வெல்ல 9 கிலோவாற்று வலு போதும். காற்றின் தடையையும் சேர்த்தால் 13 கிலோவாற்றளவு ஆகும்.

அதே வண்டி பெருவீதியை விட்டு விலகி மணற்பாதையில் இறங்குகின்றது. தளர்ந்த மணலில் உருளற்றடை நிறையின் நூற்றுக்குப் பதினைந்து பங்கு எனக் கொள்ளுதல் மிகையன்று. தடை 6,000 நியூற்றன் ஆகின்றது. இது முன்னையதன் பத்து மடங்காகும். செக்கனுக்கு 3 மீற்றர், அஃதாவது ஏறக்குறைய மணிக்கு 11 கிலோமீற்றர், வேகத்தில் ஊர்ந்தாலும் 18 கிலோவாற்று வேண்டும். நூறு மீற்றர் தூரத்துக்குப் பதினைந்து மீற்றர் உயரும் தார்ச் சாலையில் ஏறும் வண்டிக்கும் இதேயளவு மேலதிக இழுவை வேண்டும். மலைநாட்டுப் பெருவீதிகளிலும் இத்தகைய ஏற்றம் நெடுந்தூரம் தொடர்வதில்லை. வன்னியில் மலை இல்லை என்பது கண்ணின் கூற்று. மணலும் சேறும் மலையே என்பது எஞ்சினின் கூற்று. மாரியில் உழுதுபோட்ட வயற்கரையும், கிரவல் கரைந்த குளக்கட்டுப் பாதையும் இவ்வகையினவே.

இன்னும் சிறிது தொடர்ந்து கணித்தால் அபாயத்தின் விரைவும் விளங்கும். சில்லில் 18 கிலோவாற்று வேண்டுமாயின், கியரிலும் அச்சிலும் இழப்பன போக, எஞ்சின் 22 கிலோவாற்று அளவு தரவேண்டும். ஆகவே ஏறக்குறைய 22 கிலோவாற்று வெப்பம் நீரினுட் செல்லும். குளிர்த்தும் தொகுதியில் 10 லீற்றர் நீரும், அதனைச் சூழ 150 கிலோகிராம் இரும்பும் உளவாயின், அனைத்தையும் ஒரு பாகை செல்சியசு உயர்த்த ஏறத்தாழ 110 கிலோயூல் போதும். வெப்பம் வெளியேறும் வழி முற்றாக அடைபட்டால், 85 பாகையிலிருந்து 100 பாகைக்கு ஏற ஒரு நிமிடமும் கால் நிமிடமுமே செல்லும். விசிறிப் பெல்ற் அறுந்த பின்னும் “அடுத்த சந்தி மட்டும் போய்ப் பார்ப்போம்” என்று துணிபவர் மனத்திருத்த வேண்டிய காலவளவு இதுவே.

இழுக்கப் பிறந்ததும் சுமக்கப் பிறந்ததும்

மணலிலே இரண்டு தீமைகள் ஒருங்கே வந்து சேர்கின்றன. வெப்பம் மிகுதியாக உண்டாகும் வேளையிலேயே அதனைக் கொண்டுசெல்லும் காற்றுக் குறைகின்றது. பெருவீதியில் ஓடும் பிக்கப்பின் றேடியேற்றருக்கு வண்டியின் வேகமே காற்றைத் தருகின்றது. ஊர்ந்து செல்லுங்கால் அக்காற்று இல்லை. விசிறி ஒன்றே துணை. பின்காற்று வீசுமாயின் நிலைமை இன்னும் மோசமாகும். சோளகக் காலத்தில் மாங்குளத்திலிருந்து கிளிநொச்சி நோக்கி வடக்கே வரும் வண்டியைக் காற்றுப் பின்னிருந்து தொடர்கின்றது. வண்டியின் வேகமும் காற்றின் வேகமும் ஒத்திருப்பின் றேடியேற்றருக்கு முன்னால் காற்று அசைவற்று நிற்கும். போகும்போது சூடேறாத வண்டி வரும்போது சூடேறுகின்றது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

உழவு யந்திரம் இத்தகைய வேலைக்கென்றே அமைக்கப்பட்டது. மெதுவாகச் சென்று வன்மையாக இழுத்தலே அதன் இயல்பு. அதன் கியர்கள் தாழ்ந்தவை. ஊர்ந்து செல்லும்போதும் எஞ்சின் தன் முறையான வேகத்திற் சுழலும். விசிறியும் அவ்வாறே சுழலும். பிக்கப்போ தன் முதுகிற் சிறிதளவு பாரத்தைச் சுமந்து விரைந்து செல்லப் பிறந்தது. அதனை உயர்ந்த கியரில் வைத்து மணலில் உந்தும்போது எஞ்சின் மெதுவாகச் சுழன்று திணறும். அவ்வேளை நீர்ப்பம்பியும் மெதுவாகவே சுழலும். பெல்ற்றினால் ஓடும் விசிறியாயின் அதுவும் அவ்வாறே. ஒவ்வோர் அடிப்பிலும் மிகுதியான எரிபொருள் உருளையினுட் புகும். தாழ்ந்த கியருக்கு மாற்றினால் அதே வலுவை எஞ்சின் பல சிறு அடிப்புகளாகப் பகிர்ந்து தரும். காற்றும் நீரும் விரைந்தோடும். “சத்தம் கூடுகிறது, எஞ்சின் கெட்டுவிடும்” என்று அஞ்சித் தாழ்ந்த கியரைத் தவிர்ப்போர், எஞ்சினைக் காப்பதாக எண்ணி அதனைத் துன்புறுத்துகின்றனர். நான்கு சில்லு இழுவைக்குரிய தாழ்நிலைக் கியர் உள்ள வண்டியாயின் மணலில் அதனை இடுதலே முறை.

வண்டியினுட் குளிரூட்டி இருப்பின் அதனையும் நிறுத்தல் வேண்டும். குளிரூட்டியின் வெப்பத்தை வெளிவிடும் பகுதி றேடியேற்றருக்கு முன்னே இருப்பதால், றேடியேற்றர் முன்னரே சூடான காற்றைப் பெறுகின்றது. ஓட்டுநரின் இருக்கையிலிருந்து அகற்றிய வெப்பமே எஞ்சினின் வாயிலில் வந்து நிற்கின்றது.

வன்னீர் செய்யும் கேடு

வன்னிக் கிணறுகள் பலவற்றின் நீர் வன்னீராகும். கல்சியம், மகனீசியம் ஆகியவற்றின் இருகாபனேற்றுகள் அதிற் கரைந்துள்ளன. அந்நீர் சூடேறும்போது அவை காபனேற்றுகளாக மாறிப் படிகின்றன. வீட்டிலே தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் தோன்றும் வெண்ணிறப் படிவு இதுவே. கேத்தலிற் படிவதே எஞ்சினின் நீர்ச்சுவரிலும் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படியும். இப்படிவின் வெப்பக் கடத்துதிறன் இரும்பின் கடத்துதிறனில் ஏறத்தாழ இருபதிலொரு பங்கே. எனவே, ஒரு மில்லிமீற்றர் படிவு இரண்டு சதமமீற்றர் தடித்த மேலதிக இரும்புச் சுவருக்கு ஒப்பாகும். வெளியே றேடியேற்றர் பளபளப்பாக இருக்கலாம். உள்ளே வெப்பம் வெளிவரும் வழி மூடப்பட்டிருக்கும்.

வழியில் எக்கிணற்றைக் கண்டாலும் ஒரு வாளி அள்ளி ஊற்றும் வழக்கம் இதனாலேயே தீங்காகின்றது. இன்று ஊற்றும் நீர் இன்றைய பயணத்தைக் காக்கும். ஆண்டுக்கணக்கில் ஊற்றிய நீர் எஞ்சினையே அழிக்கும். இதற்குப் பரிகாரம் நம் கூரையின்மேலேயே உண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரை பொழியும் மழையின் நீர் மென்னீர். கூரையைக் கழுவும் முதல் மழையை விடுத்து, பின்னர் வரும் நீரைத் தூய கலத்திற் சேர்த்து வைத்தால், ஒரு வண்டிக்கு ஆண்டு முழுவதும் போதும். ஆனால் மென்னீர் தனித்து நின்றால் இரும்பைத் துருவேற்றும். ஆதலின் விற்பனையிலுள்ள குளிர்த்தித் திரவத்தை அதனோடு உரிய அளவிற் கலத்தல் வேண்டும். பனி உறையாத நாட்டில் இத்திரவம் எதற்கு என்பர் சிலர். அதிலுள்ள கிளைக்கோல் நீர் உறைவதைத் தடுப்பதோடு அதன் கொதிநிலையையும் உயர்த்துகின்றது. உடன் சேர்ந்துள்ள வேறு பொருள்கள் துருவைத் தடுக்கின்றன. பனி இல்லாத வன்னிக்கு இப்பின்னிரண்டு பயன்களுமே வேண்டியவை.

றேடியேற்றரின் மூடியும் வெறும் மூடியன்று. அதிலுள்ள வில், உள்ளே வளிமண்டல அமுக்கத்துக்கு மேலாக ஏறத்தாழ 90 கிலோபஸ்கால் அமுக்கத்தைத் தாங்கி நிற்கும் வண்டிகள் பல. அவ்வமுக்கத்தில் நீர் 118 பாகையளவிலேயே கொதிக்கும். வில் தளர்ந்த பழைய மூடியோடு ஓடும் வண்டி, 18 பாகைக் காப்பை இழந்து ஓடுகின்றது. புதிய மூடியின் விலை புதிய எஞ்சின் தலையின் விலையோடு ஒப்பிடத்தக்கதன்று.

வலு குறைதலின் காரணம்

டீசல் எஞ்சினிற் பொறி தட்டும் கருவி இல்லை. உருளையினுள் இறுக்கப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கின்றது. முசலம் ஒவ்வொரு முறையும் உள்ளிழுக்கும் காற்றின் அளவே, எவ்வளவு எரிபொருள் முற்றாக எரியலாம் என்பதனை வரையறுக்கின்றது. பாரம் கூடும்போது ஓட்டுநர் மிதியை அழுத்துகின்றார். பம்பி எரிபொருளைக் கூட்டுகின்றது. காற்றுப் போதாதாயின் கூட்டிய எரிபொருள் முற்றாக எரிவதில்லை. ஒரு பகுதி காலந்தாழ்த்தி எரிகின்றது. காலந்தாழ்த்தி எரிவது முசலத்தைத் தள்ளுதற்கு உதவாது. உருளைச் சுவரையும் புகைவழியையும் சூடாக்குதற்கே உதவும். எஞ்சியது கரும்புகையாக வெளிவரும். வலுவிழப்பும் சூடேறுதலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று மேலே கூறியதன் பொருள் இப்போது தெளிவாகும்.

காற்றுக் குறைதற்கு வன்னியில் முதற்காரணம் செம்புழுதி. அறுவடைக் காலத்தில் கிரவல் வீதியில் முன்னே ஒரு வண்டி செல்ல, அதன் பின்னே செல்லும் வண்டி புழுதியையே சுவாசிக்கின்றது. உற்பத்தியாளர் கூறும் தவணைவரை காத்திராது, அக்காலத்தில் காற்று வடிகட்டியை வாரந்தோறும் நோக்குதல் நன்று. இரண்டாவது காரணம் காற்றின் வெப்பம். 27 பாகைக் காற்றுக்குப் பதிலாக பொனற்றின் கீழ் 60 பாகைக்குச் சூடேறிய காற்றை உள்ளிழுத்தால், அதன் அடர்த்தி பத்திலொரு பங்கு குறையும். ஒட்சிசனும் அவ்வளவே குறையும். டேர்போ உள்ள வண்டியில், வெடித்த குழாய் அல்லது தளர்ந்த கவ்வி வழியே இறுக்கிய காற்றுக் கசிதலும் இதே விளைவைத் தரும்.

எரிபொருள் குறைதலும் உண்டு. வடிகட்டி அடைபட்டாலோ, தாங்கியில் நீர் கலந்தாலோ, வெறும் வண்டி நன்றாக ஓடும். பாரம் ஏற்றியதும் தளரும். 2022ஆம் ஆண்டின் எரிபொருட் தட்டுப்பாட்டுக் காலத்தில் டீசலைக் கலன்களிலும் பீப்பாய்களிலும் சேமித்த பழக்கம் பலரிடம் ஏற்பட்டது. பாதி நிறைந்த பீப்பாயின் உட்காற்றிலுள்ள ஈரம் இரவிலே குளிர்ந்து நீராகி அடியிற் சேரும். அந்நீர் நுண்ணிய எரிபொருட் பம்பிக்கு நஞ்சாகும். சேமித்த டீசலைத் தெளியவிட்டு, அடியை விடுத்து மேலுள்ளதையே பயன்படுத்தல் வேண்டும்.

இவற்றோடு, எஞ்சினுக்கு வெளியேயுள்ள காரணங்களையும் மறத்தலாகாது. பெட்டியின் பிறேக் இறுகிப் பிடித்திருந்தாலோ, சில்லின் போறிங் வறண்டிருந்தாலோ, பிழை எஞ்சினதன்று. கிளச் வழுக்கினாலும் எஞ்சின் ஓலமிடும், வண்டி நகராது. இவற்றை நோக்காது எஞ்சினைக் கழற்றுவது, கால் முள்ளுக்குத் தலைவலி மருந்திடுவதை ஒக்கும்.

எது முந்தியது?

எனவே வண்டியைத் திருத்தகத்துக்குக் கொண்டு செல்லுமுன் உரிமையாளர் தம்மையே கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: சூடு முந்தியதா, சோர்வு முந்தியதா? வெப்பமானி இயல்பாக நிற்க இழுவை முதலிற் குறைந்து, பின்னர் சூடேறியதாயின் காற்று, எரிபொருள், கிளச், பிறேக் ஆகியவற்றை ஆராய வேண்டும். வெப்பமானி முதலில் ஏறி, அதன்பின்னர் இழுவை குறைந்ததாயின் நீர், மூடி, பெல்ற், விசிறி, நீர்ப்பம்பி, வெப்பநிலைக்கேற்பத் திறக்கும் தேர்மோஸ்ரற், றேடியேற்றர் என்பனவற்றை ஆராய வேண்டும். இலத்திரன் கட்டுப்பாடுள்ள புதிய வண்டிகளில், சூடு எல்லை கடந்ததும் கட்டுப்பாட்டுக் கருவி தானே எரிபொருளைக் குறைத்துவிடும். அது நோயன்று, காப்பு.

புகையும் சான்று பகரும். கரும்புகை காற்றுப் போதாமையைக் காட்டும். நீலப்புகை எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடான பின்னும் மாறாத வெண்புகை, எரியாத எரிபொருளையோ தலைக் கஸ்கெற் வழியே உருளையுட் புகும் நீரையோ காட்டும். நீர் எங்கும் ஒழுகாமல் நாடோறும் குறையுமாயின் கஸ்கெற்றின் மீது ஐயம் வலுப்பெறும்.

வழியிற் செய்யத்தக்கன

சூடேறிய வண்டியின் மூடியைத் திறந்து மேனி வெந்தவர் பலர். 118 பாகையில் அமுக்கத்துள் அடங்கிநின்ற நீர், மூடி திறந்த கணமே 100 பாகைக்கு இறங்குகின்றது. மிஞ்சிய வெப்பம் நீரில் நூற்றுக்கு மூன்று பங்களவை உடனே ஆவியாக்கும். அப்பங்கு சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு லீற்றர் நீரிலிருந்து ஐம்பது லீற்றருக்கு மேற்பட்ட ஆவி எழும். அது எஞ்சிய கொதிநீரையும் வாரிக்கொண்டு முகத்தில் அடிக்கும். சில ஒற்றையுருளை எஞ்சின்களில் திறந்த தொட்டியில் நீர் கொதித்து ஆவியாதலே குளிர்த்தும் முறையாகும். அவற்றோடு பழகியவர்கள் பிக்கப்பிலும் அவ்வாறே மூடியைத் திறக்கக் கை நீட்டுவர். அங்கே ஆவி எழுதல் இயல்பு; இங்கே அது உயிராபத்து. மேற்குழாயைத் தொட்டுக் கை பொறுக்கும் அளவுக்குக் குளிரும்வரை மூடியைத் தீண்டலாகாது. குளிர்ந்த நீரைச் சூடான எஞ்சினுள் உடனே ஊற்றுவதும் ஆகாது; சடுதியாகச் சுருங்கும் வார்ப்பிரும்பு வெடிக்கும்.

பெல்ற் அறுந்தாலோ நீர் ஒழுகினாலோ எஞ்சினை உடனே நிறுத்துக. அவை செம்மையாயிருந்தும் பாரத்தாற் சூடேறியதாயின், நிழலில் நிறுத்தி, பாரமின்றிச் சில நிமிடம் மெதுவாக ஓடவிடுக. நீரும் விசிறியும் வெப்பத்தைக் கொண்டுபோகும். கண்டி வீதியிற் செல்லும் வாகனங்கள் முறிகண்டிப் பிள்ளையார் முன்றலில் நின்று, தேங்காய் உடைத்து, வணங்கிச் செல்லும் வழக்கம் யாவரும் அறிந்ததே. அத்தரிப்பிலே வெப்பமானியை ஒருமுறை நோக்கி, பெட்டிச் சில்லுகளின் குடத்தருகே கையை வைத்துச் சூடு பார்த்து, கொளுவியின் ஆணியையும் நோக்கிச் செல்வாராயின் வணக்கத்தோடு கடமையும் நிறைவேறும்.

திருக்குறளிலே வலியறிதல் என்னும் அதிகாரத்தில், அளவுக்கு மிஞ்சி ஏற்றிய வண்டியின் அச்சை வள்ளுவர் எடுத்துக்காட்டினார். இன்று அச்சு முறியுமுன் எஞ்சின் கொதித்துவிடுகின்றது, வேறுபாடு அவ்வளவே. வண்டியின் கைந்நூலிலே அது இழுக்கத்தக்க பாரம் குறிக்கப்பட்டிருக்கும். அவ்வெண் தார் வீதிக்குரியது. மணலுக்கும் சேற்றுக்கும் உரியதன்று. இருபத்துநான்கு மூடையை ஒருமுறை இழுப்பதிலும் பன்னிரண்டு மூடையை இருமுறை இழுப்பதே மணற்பாதையில் மலிவானது. மேலதிக டீசலின் செலவை ஒரு பக்கத்திலும், எஞ்சின் தலையின் செலவோடு அறுவடை நாள்களில் வண்டி திருத்தகத்தில் நிற்கும் நட்டத்தையும் மாதத் தவணையையும் மறுபக்கத்திலும் எழுதிப் பார்த்தால் இது புலனாகும். மறைவெப்பம், உருளற்றடை, நீரின் வன்மை என்று நம் மாணவர் பரீட்சைக்காக மனனஞ் செய்பவை தந்தையின் வண்டியில் நாடோறும் நிகழ்கின்றன. அவற்றை வீட்டிலே எடுத்துக்கூறி, அடுத்த காலபோகத்துக்கு முன் ஒரு மூடியையும் ஒரு பெல்ற்றையும் மாற்றுவிக்கும் மாணவன், தான் கற்ற பௌதிகத்தை உள்ளபடி கற்றவனாவான்.